கோயில் மணிக்குத் திரும்பாத முகம்

நாகலூரில் என் ஒரு வயது மகனுக்குக் காய்ச்சல். பி.எஸ்சி. படித்த நான், மணிக்கொரு முறை சூடு பார்த்து நோட்டில் எழுதி, போனில் தேடி, மூன்று நாளில் இறங்கிவிடும் என்று முடிவு செய்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா பதறினார். "கண்ணு, புள்ள நொம்ப சோர்ந்து கெடக்குது. ஜெபம் பண்ணிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறலாம்."

"எல்லாம் படிச்சுட்டேனுங்க அக்கா. எனக்குத் தெரியும்."

"ஆண்டவரவிடவா?"

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தது. எப்போதும் அதற்குக் கை தட்டுகிறவன் என் செயினோடு விளையாடிக்கொண்டிருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

மூளைக்காய்ச்சலில் காது போய்விட்டது, காய்ச்சல் கண்ட அன்றே கூட்டி வந்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

தினமும் முழங்காற்படியிடுகிறேன், ஜெபம் வரவில்லை. அந்த நோட்டுதான் கண்முன் நிற்கிறது. அதில் எழுதியது ஒன்றுகூடத் தப்பில்லை. ஆண்டவரிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் எழுதியது, அவ்வளவுதான்.