பூர்கல் மூடிய சாலை

பனி உறைந்து கிடக்க வேண்டிய பிப்ரவரி மாதத்தில் ஒன்பது டிகிரி வெப்பம்! தெற்கேயிருந்து மலையைத் தாண்டி வரும் சூட்டுக்காற்று மூன்று நாளாக விடாமல் வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றடித்தால் டிரோல் மலைப்பகுதியின் ஹின்டர்லான் ஊரில் பாதிப் பேருக்குத் தலைவலி, மீதிப் பேருக்குப் பூர்கல் மேல் எரிச்சல். பனி சரியும் என்று தோன்றினால் ஊருக்கிருந்த ஒரே சாலையை மூடுகிறவள் அவள்தான்.

பூர்கல் தபால்காரி. வயது ஐம்பத்து மூன்று. ஊரின் பனிச்சரிவுக் குழுவில் இருபத்தாறு வருடமாக இருக்கிறாள். சம்பளம் கிடையாது, வசவு மட்டும் தாராளமாக உண்டு. போன வருடம் மூன்று நாள் மூடினாள், ஒரு பிடி பனிகூடச் சரியவில்லை. அதற்கப்புறம் அவள் கடைக்குள் நுழைந்தாலே எவனாவது பனி விழப்போவதுபோல் கூரையைப் பார்த்துவிட்டுக் கையால் தலையை மறைத்துக்கொள்வான். எப்படியிருக்கும் மனுஷிக்கு?

அன்று சனிக்கிழமை, விடுதிகளில் ஆள் மாறும் நாள். அவள் தம்பி அம்ப்ரோஸின் விடுதியில் மட்டும் நூற்றுப்பத்து பேர் பெட்டி கட்டி நின்றார்கள். அவர்கள் கிளம்பினால்தான் அடுத்த கூட்டம் வர முடியும். பூர்கலோ ஏழு மணிக்கே தடுப்பைச் சாலையின் குறுக்கே இறக்கிப் பூட்டிவிட்டாள்.

அம்ப்ரோஸ் வந்த வேகத்தில் ஓரத்துப் பனியைப் பூட்ஸ் காலால் ஓங்கி மிதித்தான்.

"பாருக்கா, கல்லு மாதிரி இருக்கு! காலையில கால் பொதையலன்னா பதினோரு மணி வரைக்கும் பயமில்ல. ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?"

"இங்க பள்ளத்துல குளிர் தேங்கிக் கெடக்குடா, கெட்டியாத்தான் இருக்கும். நான் மேல சரிவுல குழி தோண்டிப் பாத்துட்டு வர்றேன். முழங்கை வரைக்கும் கை உள்ள போகுது. ஒரு பிடி எடுத்துப் பிழிஞ்சா தண்ணி சொட்டுது. அடிவரைக்கும் ஈரம் எறங்கிடுச்சு, மொத்தமா வழுக்கிக்கிட்டு வரும்."

"எப்ப வரும்? மணி சொல்லு."

"மணி தெரிஞ்சா நான் ஏன்டா பூட்டுறேன்?"

கூடி நின்ற ஊர்க்காரர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அம்ப்ரோஸுக்கு அது போதுமாக இருந்தது.

"புருஷனும் இல்ல, புள்ளையும் இல்ல. ஊரையாவது அடக்கி வெச்சுக்கலாம்னு பாக்குற."

சொந்தத் தம்பி, அத்தனை பேர் முன்னால்! பூர்கலுக்கு அழுகை வரவில்லை, அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. தடுப்பை மறித்துக்கொண்டு நின்றாள்.

எட்டரைக்கு அவன் ஆட்கள் இருவர் அவளைத் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார்கள். அம்ப்ரோஸ் பூட்டை அறுத்தான். விருந்தினரை ஏற்றிய மூன்று பேருந்துகள் சரிவுக்கடியில் ஊர்ந்து போயின. கடைசிப் பேருந்து வளைவைத் தாண்டிய பிறகுதான் பூர்கல் மூச்சு விட்டாள்.

பதினோரு நிமிடம் கழித்துச் சரிவிலிருந்த பனி முழுவதும் இறங்கியது. இருநூறு மீட்டர் நீளத்துக்குச் சாலை இருந்த இடமே தெரியவில்லை.

இனிமேலாவது அவள் பேச்சைக் கேட்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? அட போங்கள்! மதியத்துக்குள் கதையையே திருப்பிவிட்டார்கள். மதுக்கடையில் அம்ப்ரோஸுக்கு ஊற்றி ஊற்றிக் கொடுத்தார்கள்.

"கரெக்டான நேரத்துல அத்தனை பேரையும் வெளியேத்திட்டான்யா! அவ பேச்சக் கேட்டிருந்தா எல்லாரும் இங்கயே மாட்டிக்கிட்டுக் கெடந்திருப்பாங்க."

மாலையில் அம்ப்ரோஸ் ஒரு தாளோடு அவள் வீட்டுக்கு வந்தான். மாவட்ட அதிகாரிகள் விசாரிக்கிறார்களாம். எட்டரை மணிக்குச் சாலையைத் திறந்தது குழுதான் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையேக்கா. ஒரு கையெழுத்துதானே?"

பூர்கல் பேனாவை எடுத்தாள். அவன் முகம் தெளிந்தது. அவள் அவன் எழுதியிருந்ததை அடித்துவிட்டுக் கீழே எழுதினாள்: 'ஏழு மணியிலிருந்து சாலை மூடியிருந்தது. பூட்டை அறுத்தவன் என் தம்பி அம்ப்ரோஸ்.'

அவன் படித்தான்.

"இனிமே நீ எனக்கு அக்காவே இல்ல."

"இல்லாட்டிப் போறேன். கிழக்குச் சரிவுல பனி இன்னும் எறங்கல. பனிய வாரி ரோட்டத் தொறந்தாலும் நாளைக்கும் பூட்டுவேன்," என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினாள் பூர்கல்.