கேமராவில் இல்லாத எண்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நடுநடுவே மறந்தும் போகிறது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், காவிரியில் தண்ணீர் வந்திருந்த ஆடி மாதம், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் நடந்தது இது.

எங்கள் வீடு உறையூரில். வீட்டுக்காரர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஃபிலிம் போட்டு எடுக்கும் பழைய கேமரா ஒன்று வைத்திருக்கிறார். செல்போன் மாதிரி எடுத்த உடனே அதில் படத்தைப் பார்க்க முடியாது. கழுவி வந்த பிறகுதான் தெரியும். அதனால், கழுவின பிறகு ஒத்துப்பார்க்க, ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு எண் சொல்வார். ஒன்று லென்ஸ் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்கு, மற்றது எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதற்கு. கேமராவிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். அதை ஒரு நோட்டில் எழுதுவது என் வேலை. கூடவே மணியும், வெயிலா மேகமா என்பதும் எழுத வேண்டும்.

ஒரு தடவை அவர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்து நானாக ஓர் எண்ணை மாற்றிவிட்டேன். படம் கழுவி வந்து நோட்டோடு ஒத்துப்பார்த்ததும் தெரிந்துபோனது. "நம்ம வீட்டம்மா புதுசா ஒரு கேமரா கண்டுபிடிச்சிருக்கா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நான் சொன்னத எழுது. நீயா திருத்தாத" என்றார். அதிலிருந்து சொன்னதைத்தான் எழுதுவேன்.

அன்று விடிகிற நேரத்தில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, ஸ்ரீரங்கம் போனோம். வழியெல்லாம் அவர் பேசவில்லை. பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள் என்று முதல் நாள் நான் சொன்னதில் கோபம்.

படித்துறையில் ஓரமாக உட்கார்ந்து, எதிர்க்கரையில் தெரியும் மலைக்கோட்டையை எடுக்க ஆரம்பித்தார். வெயில் வரும், மேகம் மூடும். அதற்குத் தகுந்தாற்போல் எண் சொல்வார், நான் எழுதுவேன். ரொம்ப நேரம் அப்படியே போனது. அப்புறம், "பதினொண்ணு, தொண்ணூறு" என்றார். இரண்டாவது எண்ணில் அறுபது உண்டு, அதற்கு மேல் நூற்றியிருபத்தைந்துதான். நடுவில் தொண்ணூறு கிடையாது என்று எனக்கே தெரியும். "தொண்ணூறாங்க?" என்று கேட்டேன். திரும்பாமலே கையை ஆட்டினார். எழுதிவிட்டேன். அடுத்த படத்துக்கும் தொண்ணூறுதான். அதற்கப்புறம் எண்ணே சொல்லவில்லை.

கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று பிளாஸ்கில் இருந்த காபியை ஊற்றிக் கொடுத்தேன். காபி வாய் ஓரமாக வழிந்து சட்டையில் இறங்கியது.

பசி மயக்கம் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் படுங்கள் என்று சாய்க்கப் போனேன். பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஓடி வந்து தடுத்தாள். "வாய் ஒரு பக்கமா இழுக்குது பாருங்கம்மா. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் வந்துச்சு. இங்க படுக்க வச்சு நேரத்தப் போக்காதீங்க" என்றாள். பூக்கூடையைப் பக்கத்துக் கடையில் விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து, அவரை ஒரு பக்கம் தாங்கிக்கொண்டு அவளும் ஏறினாள். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை.

புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி. எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டரம்மா கேட்டதும், பதற்றத்தில், "காலையில பஸ்ஸிலேயே பேசலைங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"மூளையில அடைச்ச ரத்தக்கட்டிய கரைக்க ஒரு ஊசி இருக்கும்மா. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். தாண்டிட்டா அதுவே ஆபத்து. பஸ்ஸிலேயே ஆரம்பிச்சிருந்தா நேரம் தாண்டிடுச்சு" என்றார்.

பூக்கார அம்மாள்தான், "படியில உக்காந்து நம்பர் சொல்லிக்கிட்டு இருந்தாரே, எனக்கே காதுல விழுந்துச்சே" என்றாள். அப்போதுதான் பையிலிருந்த நோட்டு ஞாபகம் வந்தது. எடுத்து நீட்டினேன்.

டாக்டர் வரி வரியாக விரலை ஓட்டினார். "இதெல்லாம் அவர் வாயால சொன்னதா, நீங்களா பார்த்து எழுதினதா?"

"அவர் சொன்னதுதாம்மா. நானா எழுதினா கேலி பண்ணுவாரு."

விரல் தொண்ணூறுக்கு வந்ததும் நான் நிறுத்தினேன். அப்படி ஓர் எண் கேமராவிலேயே கிடையாது, இருந்தும் அவர் சொன்னதால் எழுதினேன் என்றேன். அதுவரைக்கும் தெளிவாகச் சொன்னாரா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாம் என்றேன். அந்த வரிக்கு நேரே ஒன்பது மணிக்கு மேல் போட்டிருந்தது. "அப்ப ஒன்பதுக்கு மேலதான் ஆரம்பிச்சிருக்கு, இன்னும் நேரம் இருக்கு" என்று நோட்டோடு போய் இன்னொரு டாக்டரிடம் பேசினார். உடனே ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். "பூ வாடிரும், வரேம்மா" என்று அந்த அம்மாள் கிளம்பிவிட்டாள். பேர்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

ஸ்கேன் பார்த்துவிட்டு, ஊசி போட என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு கேமராவை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். செல்போனில் மணியைச் சரியாகப் பார்த்துத்தான் எழுதினேனா, எட்டை ஒன்பது என்று போட்டிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிழைத்துக்கொண்டார். பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. வலது கைதான் இன்னும் கொஞ்சம் மந்தம். ஃபிலிமைக் கழுவி வாங்கினோம். தொண்ணூறு என்று சொன்ன இரண்டு படத்திலும் வெளிச்சம் சரியாகவே இருந்தது. கை சரியாகத் திருகியிருக்கிறது, வாய்தான் பிசகியிருக்கிறது. மலைக்கோட்டை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. "கோட்ட சாஞ்சா சாயட்டும், நான் சாயல" என்று சிரித்தார்.

இப்போதும் படித்துறைக்குப் போகிறோம். முதல் எண்ணைச் சொல்வார். இரண்டாவது எண் அவர் வாயிலிருந்து சரியாக வரும்வரை எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது.

கேமரா தெரிந்தவர்கள், வைத்தியம் தெரிந்தவர்கள் யாராவது நான் எழுதியதைச் சரிபார்த்து, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். அந்தத் தொண்ணூறை மட்டும் திருத்த வேண்டாம். அது அவர் சொன்னது.