கை படாத சிற்பங்கள்

காவல்காரருக்கு ஊரார் வைத்த பெயர் சிடுமூஞ்சி. அதில் அவருக்கு எள்ளளவும் வருத்தமில்லை. வழிகாட்டிப் பலகைகூட இல்லாத அந்தப் பழைய கற்கோயிலுக்கு வாரத்தில் நாலு பேர் வந்தால் அதிகம். அந்த நாலு பேரையும் ஜென்மப் பகையாளிகளாகத்தான் பார்த்தார். தூணில் சாயப் போனால் கத்துவார். யாளியின் வாய்க்குள் குழந்தை விரலை விடப் போனால், குழந்தையை விட்டுவிட்டு அப்பனைப் பிடித்து உலுக்குவார்.

"இப்படி எரிஞ்சு விழுந்தா யாருங்க வருவா?" என்று மனைவி கேட்டதற்கு, "எவனும் வர வேண்டாம். கல்லாவது மிஞ்சும்" என்று ஒரே போடாகப் போட்டார்.

அன்று காலை, சிற்பங்களின் சேதத்தைப் பதிவு செய்ய ஓர் ஆய்வாளர் வந்தாள். மகள் வயது இருக்கும். கையில் கோயிலின் பழைய புகைப்படங்கள்.

"எதையும் தொடாம பாரும்மா." வரவேற்பே அதுதான்.

அவள் படத்தையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தாள். படத்தில், ஆடும் பெண்ணின் விரல்களில் நகம்கூடத் தெரிந்தது. தூணில் விரல்களே மழுங்கிக் கிடந்தன.

"பாத்தியா!" என்று குதித்தார் காவல்காரர். "வர்றவன் போறவன் எல்லாம் தடவித் தடவி நாசம் பண்ணிட்டானுங்க. நல்லா உறைக்கிற மாதிரி எழுது."

"எழுதறேங்க ஐயா. ஆனா மேல, கூரைகிட்ட இருக்கிற சிலையும் தேஞ்சிருக்கே. அங்க யாருக்குக் கை எட்டும்?"

"எவனுக்கும் எட்டாது. எனக்கே ஏணி வேணும். மாசம் தவறாம ஏறி, பிளீச்சிங் பவுடர் போட்டு, கம்பி பிரஷ்ஷால ஒரு பொட்டுப் பாசி இல்லாம தேய்ச்சு..."

அவள் படத்திலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அதுதான் அவருக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"என்ன அப்படிப் பாக்கிற? சுத்தமா வெச்சது குத்தமா?"

"இது மிருதுவான கல்லுங்க ஐயா. கம்பியைத் தாங்காது."

படத்தை வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தார். அந்த நகங்களை அவருக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மனைவியை அழைத்துவந்து காட்டியிருக்கிறார். எந்த வருடம் காணாமல் போயின என்றுதான் தெரியவில்லை.

அவளுக்கே பாவமாகிவிட்டது. "படிவத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்குங்க. வந்து போனவங்கன்னே போட்டுடறேன். உங்க வேலைக்கு எதுக்கு வம்பு?"

"வந்து போனவங்களா?" கோபம் தலைக்கேறியது. "இருபத்தாறு வருஷமா எவன் இதுல கை வெச்சான்? ஒருத்தனைக் காட்டு! கிட்டயே விட்டதில்லை நான். என் பேரைப் போட்டு எழுதும்மா."