எஞ்சின் லைட்டும் தவறிய கிளினிக்கும்

காரில் எஞ்சின் லைட் எரிய ஆரம்பித்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் கண்டி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். அவர் இருதய நோயாளி. புசல்லாவையிலிருந்து பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு போக மூச்சு இடம் கொடுக்காது. காரில் கூப்பிட்டால், லைட் எரிகிறதே, வழியில் நின்றால் என்ன செய்வாய் என்பார். இப்படியே டாக்டரிடம் காட்ட வேண்டிய இரண்டு கிளினிக் நாள் தவறிப்போனது.

மடவளையில் கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் முதலில் காரைக் கொண்டுபோனவர் என் வீட்டுக்காரர்தான். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்ததில் காற்றுப் பம்ப் கோளாறு என்று வந்ததாம். பிறகு கட்டுகஸ்தோட்டையில் வேலை முடிந்ததும் நானே போக ஆரம்பித்தேன். நானா ஃபியூஸை மாற்றினார், ரிலேயை மாற்றினார், லைட்டை அணைத்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் அது திரும்ப எரிந்தது. மூன்றாவது தடவை போனபோது வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சத்தத்தில் ஏதும் வித்தியாசம் உண்டா என்று கேட்டார். அப்போதுதான் யோசித்தேன். முன்பெல்லாம் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் ஊ என்று ஒரு இரைச்சல் வரும். பொங்கலுக்குப் பிறகு அதைக் கேட்கவேயில்லை. எங்கள் ஆட்கள் பொங்கலுக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்போம். எங்கள் வீட்டு மனுஷன் அதோடு விட்டாரா? எஞ்சினுக்கும்தான் பொங்கல் என்று பொனட்டைத் திறந்து பைப்பால் பீய்ச்சி அடித்தார். அதையும் சொன்னேன்.

குளிர்ந்த எஞ்சின் ஓடத் தொடங்கும்போது புகையைக் குறைக்க ஒரு சின்னப் பம்ப் புகைக்குழாய்க்குள் காற்று ஊதுமாம். எஞ்சின் சூடானதும் நின்றுவிடுமாம். அந்த ஊ சத்தம் அதனுடையதுதானாம். நான் கொண்டுபோகும் போதெல்லாம் கார் சூடாகத்தானே இருக்கும்!

"சூடான எஞ்சின்ல இது புடிபடாது மிஸ். ராவைக்கு வண்டி இங்க ஈக்கட்டும்" என்றார்.

வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு காரை விட்டுவர மனம் வரவில்லை. வேறு வழியும் இல்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போய், விடிந்ததும் திரும்ப வந்தேன். நானா எனக்காகக் காத்திருந்து ஸ்டார்ட் செய்தார். பம்ப் மூச்சே விடவில்லை. பேட்டரியிலிருந்து நேரே கரண்ட் கொடுத்தும் அசையவில்லை. கழற்றிக் கவிழ்த்ததும் துருத்தண்ணீர் கொட்டியது.

வேறு பம்ப் போட்டு முடிக்க மத்தியானமாகிவிட்டது. அதுவரை கார் எங்கேயும் நிற்காமல் ஓடியதே பெரிய காரியம் என்றேன். நானா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"இந்த லைட்டுக்கு வண்டி வழியில நிக்காது மிஸ். ஒங்கட மாப்புளக்கிட்ட மொதல் நாளே செல்லினேனே."

வழியெல்லாம் என் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தேன். உயிரோடு விளையாடுகிற விளையாட்டா இது? வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன், எல்லாம் தெரிந்துதானே இருந்தீர்கள் என்று.

அவர் கதிரையிலிருந்து எழும்பவில்லை.

"போன தடவையே டாக்டர் சொன்னாரு, அடுத்த தடவை வந்தா ஆபரேசனுக்கு நாள் குறிக்கிறதுன்னு" என்றார். "எனக்குப் பயமா இருக்கு. ஒங்கிட்ட எப்படிச் சொல்றது?"

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து பயம் என்ற வார்த்தையை நான் கேட்டதில்லை. அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்கும்தாங்க" என்றேன்.