குதிரையிடம் அம்மா சொன்னது

சித்தப்பா சொன்ன பொய்யை டேனிஷ் மொழியில் சொன்னவள் நான். அதனால் பிறகு நடந்தவற்றில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு.

எண்பத்தாறாம் ஆண்டின் தொடக்கம். ஓல்போர்க்கிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு கரையோர ஊரில் கொம்யூன் என்ற உள்ளூராட்சி சபை எங்களுக்கு வீடு தந்திருந்தது. அப்பா மீன் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். சித்தப்பா யாழ்ப்பாணத்தில் புடைவைக் கடையில் நின்றவர். இங்கே மொழிப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்துகொண்டு, தன் தகுதிக்கு ஏற்ற வேலை இந்த நாட்டில் இல்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எட்டு வயது. ஆறு மாதப் பள்ளிக்கூடத்து டேனிஷை வைத்துக்கொண்டு கடையிலும் ஆஸ்பத்திரியிலும் வீட்டாருக்காக நான்தான் கதைப்பேன். தெரியாத சொல் வந்தால் தெரிந்த சொல் ஒன்றைப் போட்டு நிரப்பிவிடுவேன்.

இறந்துபோன தன் தகப்பனுக்காக அம்மா அமாவாசை விரதம் பிடிப்பவள். அந்த வருடம் ஊரிலிருந்து வரவேண்டிய பஞ்சாங்கம் வந்து சேரவில்லை. வானத்தைப் பார்த்துக் கணக்குப் பிடிக்கலாம் என்றால், மூன்று வாரமாக முகில் விலகவே இல்லை. நிலவு வளர்கிறதா தேய்கிறதா என்று தெரியாமல் அம்மா தவித்துப்போனாள். அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் கேட்ட கதை எனக்கு நினைவு வந்தது. ஊருக்கு வெளியே, புல்வெளிக்கு நடுவில் கரண்ட் இல்லாத வீட்டில் இருக்கும் பெண் ஒரு சூனியக்காரி, நிலவைப் பார்த்துத்தான் எல்லாம் செய்வாள் என்று பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள்.

சூனியக்காரி என்றாலும் நாள் தெரிந்தவள்தானே என்று அம்மா கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு புறப்பட்டாள். பெண்பிள்ளைகள் தனியே போகக்கூடாது என்று சித்தப்பாவும் கூடவே வந்தார்.

அந்தப் பெண்ணுக்கு அம்மாவின் வயதுதான் இருக்கும். தலைமுடி மட்டும் முழுதாக நரைத்திருந்தது. குசினி அடுப்புக்கு மேலே முகட்டில் காய்ந்த செடிகள் கட்டுக்கட்டாகத் தொங்கின. சுவரில், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிலவு வரைந்த நாட்காட்டி இருந்தது. இலை பறிப்பது வளர்பிறையில், கிழங்கு தோண்டுவது தேய்பிறையில் என்று அவள் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. சுவர் அருகே போய்க் கறுத்த வட்டம் ஒன்றைக் கண்டுபிடித்து, "நாளைக்கு மற்றநாள்தான் அமாவாசை," என்று பெருமூச்சு விட்டாள்.

அன்றைக்கு உன் அம்மா என்ன விதைப்பாள் என்று அவள் என்னைக் கேட்டாள். விரதத்துக்கு டேனிஷில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "சாப்பிட மாட்டா, அவவின் அப்பா செத்துப்போனார்," என்று சொல்லிவைத்தேன். அவள் எழுந்து வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாத்தா போய்ப் பதினொரு வருடமாகிவிட்டது என்று திருத்தலாம்தான். ஆனால் அந்தக் காட்சி நன்றாக இருந்தபடியால் நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

யன்னலுக்கு வெளியே குதிரைகள் நின்றன. குள்ளமான, தாடி வைத்ததுபோல முகமெல்லாம் மயிர் வளர்ந்த பதினாலு குதிரைகள். அவற்றுக்கு லாடமும் கிடையாது, லாயமும் கிடையாது. மழையிலும் பனியிலும் வெளியிலேயே நிற்கும். யாரும் ஏறுவதில்லை, தொடுவதும் இல்லை. அவை தன்னுடையவை அல்ல என்றும், தான்தான் அவற்றின் இடத்தில் குடியிருப்பதாகவும் அவள் சொன்னாள்.

"எங்கடை ஊர் நெடுந்தீவு எண்டு சொல்லு," என்றார் சித்தப்பா. "அங்கையும் காட்டுக்குதிரை நிக்குது எண்டு சொல்லு. அஞ்சு குதிரையை நான் தனிய நிண்டு பழக்கினனான் எண்டும் சொல்லு."

அவள் கண்கள் விரிந்ததைப் பார்த்ததும் ஐந்து போதாது என்று எனக்குத் தோன்றியது. ஐம்பது என்று சொன்னேன்.

உண்மையில் சித்தப்பா நெடுந்தீவுக் குதிரைகளை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று மட்டுமே பார்த்தவர். இது அம்மாவுக்கும் தெரியும். கொழுந்தனின் மானம் கருதி வாய் திறக்கவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு அந்தப் பெண் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மூச்சு வாங்கியது. வெள்ளைக் குதிரை ஒன்றின் பின்னங்காலில் முள்ளுக்கம்பி இறுகிவிட்டது, கால் வீங்கிக் கம்பி உள்ளே புதைந்துவிட்டது, கிட்டப் போனால் நொண்டிக்கொண்டே ஓடுகிறது. அதன் வயிற்றில் குட்டி வேறு. மிருக வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் பிடிக்க முடியாவிட்டால் சுடுவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிப் போயிருந்தார். அன்று புதன்கிழமை. ஐம்பது குதிரை பழக்கிய மனிதரைக் கூட்டிப்போக அவள் வந்திருந்தாள்.

சித்தப்பாவின் முகம் எப்படிப் போயிற்று என்பது இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. "எனக்குச் சாதுவாய்க் காய்ச்சல் எண்டு சொல்லு," என்று மெல்லச் சொன்னார். அம்மா அவருடைய சப்பாத்தை எடுத்துக் காலடியில் வைத்தாள்.

நிலம் கல்லாக இறுகிக் கிடந்தது. குட்டைகள் எல்லாம் உறைந்துபோயிருந்தன. மற்றக் குதிரைகள் அவள் கோடரியால் பனிக்கட்டியை உடைத்துவிட்ட இடத்தில் தண்ணீர் குடித்தன. நொண்டிக் குதிரை மட்டும் நாணல் ஓரத்தில் தனியே நின்றது. சித்தப்பா கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, கையில் கயிறோடு, புடைவைக் கடைக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பதுபோலச் சிரித்தபடி அதை நோக்கி நடந்தார். குதிரை காதைப் பின்னால் மடித்தது. அடுத்ததாக நான் கண்டது, சித்தப்பா எங்களை நோக்கி ஓடிவருவதைத்தான். வழியில் இருந்த வாய்க்காலின் பனிக்கட்டி அவரைத் தாங்கவில்லை. இடுப்பளவு சேற்றிலிருந்து அவரை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து இழுத்தெடுத்தோம்.

அந்தப் பெண் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. புல்லில் குந்தியிருந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்போது அம்மா, "அதுக்குத் தண்ணி விடாய்," என்றாள். "நாக்கைப் பார். ரெண்டு மூண்டு நாளாய்க் குடிக்கேல்லை. ஒரு வாளி வெந்நி கேள்."

நெடுந்தீவில் கோடையில் குளங்கள் வற்றும்போது குதிரைகள் செத்து விழும். தாத்தா கிணற்றிலிருந்து இறைத்துத் தொட்டியில் ஊற்றுவாராம், சின்ன வயதில் அம்மாவும் கூட நின்று இறைப்பாளாம். தொட்டியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அவை வராது, முதுகைக் காட்டி இருந்தால்தான் வரும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குச் சொன்னாள். அதுவரை குதிரையைப் பற்றி அவள் ஒரு சொல் சொன்னதில்லை.

வாளியில் ஒரு கைப்பிடி உப்புப் போட்டு, நாணலுக்கு அருகே தனக்கு முன்னால் வைத்துவிட்டு, அம்மா குதிரைக்கு முதுகைக் காட்டிச் சாக்கு விரித்து இருந்தாள். அன்று குதிரை வரவில்லை. அம்மா இருட்டும்வரை இருந்துவிட்டு வந்தாள். அடுத்த நாள் காலையில் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் கூட்டிக்கொண்டு மறுபடி போய் இருந்தாள். குதிரை பத்தடி வந்தது, நின்றது. பிறகு ஐந்தடி. அம்மா மெல்லிய குரலில் கதைக்கத் தொடங்கினாள்.

"வா ராசா, குடி. ஏன் இவ்வளவு தூரம் தனியப் போனனீ? களைச்சுப்போனாய் என்ன? ஒருத்தரும் உன்னை அடிக்கமாட்டினம். அம்மா இஞ்சைதான் இருக்கிறன். வந்திடு ராசா."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அம்மா, அது பெட்டைக் குதிரை," என்றேன்.

"தெரியும். நீ சத்தம் போடாதை."

என் பக்கத்தில் கம்பி வெட்டும் குறட்டோடு படுத்திருந்த அந்தப் பெண், அம்மா என்ன சொல்கிறாள் என்று காதோடு கேட்டாள். தண்ணீர் குடிக்கச் சொல்கிறா என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு வெகுநேரம் அம்மாவின் முதுகைப் பார்த்தாள். குதிரை அம்மாவின் தோளுக்கு மேலால் தலையை நீட்டி வாளிக்குள் வாயை வைத்தது. அந்தப் பெண் புல்லோடு புல்லாக ஊர்ந்து போனாள். இரண்டு தரம் குறடு சத்தமிட்டது. இரண்டாவது வெட்டில் குதிரை உதைத்த உதை அவள் தோளில் பட்டது. ஆனால் கம்பி அவள் கையில் இருந்தது.

வாளி காலியாகும்வரை குதிரை போகவில்லை. அவள் ஏதோ இலைகளைக் கொழுப்பில் காய்ச்சி வைத்திருந்த களிம்பில், அம்மா ஊரிலிருந்து வந்த மஞ்சள்தூளைக் கொட்டிக் குழைத்தாள். அன்று பின்னேரமும் அடுத்த நாளும் அதேபோல வாளி வைத்துக் குடிக்கவிட்டு அதைப் பூசினார்கள். வெள்ளிக்கிழமை வந்த வைத்தியர் துவக்கை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போனார். அந்த மாதம் முழுக்க வெள்ளைக் குதிரை மஞ்சள் காலோடு திரிந்தது. குட்டி சித்திரையில் பிறந்தது. சித்தப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது தான் சேற்றில் விழுந்த பகுதியை விட்டுவிடுவார்.

அதற்குப் பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். காஞ்சோண்டி போலத் தொட்டால் சுணைத்து அரிக்கும் ஒரு செடியின் கொழுந்தைக் கொண்டுவருவாள். அம்மா அதைத் தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டுவாள். நடுவில் நான் இருந்து இருவரின் சொல்லையும் மாற்றி மாற்றிக் கொடுப்பேன். ஒருநாள் அவள், அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். "ரெண்டு," என்றாள் அம்மா. மற்றது எங்கே என்று அவள் கேட்டதை நான் தமிழாக்கவே இல்லை. எனக்குத் தெரிந்த விடைதானே. அண்ணா கொழும்பில் படிக்கிறான், கோடையில் வருவான் என்று நானே சொன்னேன். என் வாயிலிருந்து கொழும்பு என்ற சொல் வந்ததும் அம்மாவின் கை கோப்பையைத் தேடியது. அந்தப் பெண் என்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை.

"நீ வெளியிலை போய் விளையாடு, பிள்ளை," என்றாள் அம்மா.

அந்த ஞாயிறு மட்டுமல்ல, அடுத்த ஞாயிறும் அப்படித்தான். மொழி தெரியாத இரண்டு பேர் என்னை வெளியே அனுப்பிவிட்டு என்னதான் கதைப்பார்கள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். அம்மா தமிழில் கதைத்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் இலைகளை ஆய்ந்தபடி தலையாட்டினாள். இடைக்கிடை அவள் டேனிஷில் ஏதோ சொன்னாள், அம்மா தலையாட்டினாள். இரண்டு பேரும் விளங்கினமாதிரி நடிக்கிறார்கள் என்று நினைத்தேன். என் மொழிபெயர்ப்பில் ஏதோ குறை கண்டுபிடித்துவிட்டார்கள் என்றும் நினைத்து, பள்ளிக்கூடத்தில் முன்னைவிடக் கவனமாகப் படித்தேன்.

அண்ணா சைக்கிளில் ரியூசன் வகுப்புக்குப் போனவன் திரும்பி வரவில்லை என்று எழுதிய கடிதம் முந்திய ஐப்பசியிலேயே வந்துவிட்டதை எனக்குப் பதினைந்து வயதில்தான் சொன்னார்கள். அம்மாவுக்கு அதை யாரிடமாவது சொல்லி அழ வேண்டியிருந்திருக்கும். அது என் வாய் வழியாகப் போக அவள் விடவில்லை.