தேநீராய் ஓடிய ஓடை

இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலயிலிருந்து மேலே ஏறும் பாதையில் பஸ் சூடேறி நிற்கிறது. எதிரே எரிந்துபோன தேயிலைத் தொழிற்சாலை. இரும்புத் தூண்கள் மெழுகுபோல வளைந்து கிடக்கின்றன. கீழே ஓடையில் கைகழுவிக்கொண்டிருக்கும், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் என்ன நடந்ததென்று கேட்கிறேன்.

"இந்தத் தேயிலை ஸ்டோரு பத்திக்கிச்சுங்க. தீயணைக்க வந்தவங்க தண்ணியப் பீச்சி அடிச்சாங்களா, அம்புட்டுத் தூளும் வெந்து, இந்த ஓடையே ஆவி பறக்கத் தேத்தண்ணியா ஓடுச்சு. லயத்து வீட்டுச் சனமெல்லாம் சட்டிபானையோட ஓடியாந்தோம்."

"தீயை அணைக்கவா, அக்கா?"

"அள்ளிக் குடிக்கத்தாங்க! எங்களுக்குக் குடுக்கிறது குப்பைத் தூளு. ஒசத்தித் தூளெல்லாம் கப்பலேறிப் போயிரும். அன்னைக்குத்தான் வாயில வச்சோம். வேலை போச்சேன்னு அழுதுக்கிட்டேதான் குடிச்சோம்."

ஓடைப் பாறைகளில் இன்னும் சாயம் ஏறியிருக்கிறது. மலைத்துப்போய் அவற்றையே பார்க்கிறேன்.

"அந்தத் தேநீர் எப்படி இருந்தது?"

கண்ணை மூடிக்கொள்கிறாள்.

"என்னா வாசங்க! சீனிதான் இல்ல."