ஏழுமலை பிரேக்கைப் பார்த்தான்

ஏழுமலை செத்த செய்தியைக் கொண்டுவந்தது என் மகன் சேகர்தான். ஷேர் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமலே சொன்னான்.

"ம்மா, மிஷின் ஏழுமலை போயிட்டாராம். டீ குடிச்சிக்கினே இருந்தாராம், அப்பிடியே சாஞ்சிட்டாராம்."

நான் கையிலிருந்த மீனைக் கழுவி முடித்தேன். சேகரே மறுபடி பேசினான். "நல்ல மனுசன்தான். அன்னிக்கி மட்டும் பிரேக்க பாத்திருந்தாருன்னா என் கை இப்பிடி ஆயிருக்காது."

சேகரின் இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. பதினோரு வருஷமாக அவன் இதைத்தான் சொல்கிறான். ஊரும் இதைத்தான் சொல்கிறது. அது தப்பு. தப்பு என்று தெரிந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் போய்விட்டான். மிச்சம் இருப்பது நான். அதனால் காரியத்தன்று எல்லோர் முன்னாலும் படிக்க இதை எழுதுகிறேன். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துப் பிழையைப் பேத்தி திருத்தினாள், விஷயத்தைத் திருத்த விடவில்லை. இறந்தவரை 'அவர்' என்று போட வேண்டும் என்றாள். என்னைவிட எட்டு வயது சின்னவன், எனக்கு வராது.

உப்பளத்து வரப்புகளில் வேலிக்காத்தான் முள்மரம் வெட்டுகிற கூட்டத்தில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். மிஷின் ரம்பம் ஏழுமலை கையில். கிளையை இழுத்து அடுக்குவது நானும் இன்னும் நாலு பெண்களும். விழுகிற மரத்துக்கு இரண்டு மரத்து நீளம் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்பது அவன் சட்டம். ஓர் அடி உள்ளே வந்தாலும் மிஷினை நிறுத்திவிடுவான். ஒருநாள் எனக்காக மட்டும் ஏழு தடவை நிறுத்தினான்.

"யக்கா, உனுக்கு காது செவுடா?"

"உன் மிஷின் சத்தத்துலதான்டா செவுடாச்சி."

"செவுடானா பரவால்ல. மரம் மேல வுழுந்தா உன்ன சுருட்டி எடுத்துக்கினு போவ பாய்தான் வேணும்."

நாலு பெண்களும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். இரண்டு பேர் இங்கேயே உட்கார்ந்திருப்பார்கள்.

மிஷினை அவன் பார்த்துக்கொண்ட மாதிரி பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பெண் ராணியாக இருந்திருப்பாள். அளத்துக் காற்றில் உப்பு இருக்கும், ஒரு ராத்திரி போனாலே இரும்பில் துரு பிடிக்கும். வேலை முடிந்ததும் அவன் டீக்குப் போக மாட்டான். முதலில் செயினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி வைப்பான். காலையில் அரத்தை எடுத்துக்கொண்டு செயினின் ஒவ்வொரு பல்லாகத் தீட்டுவான். "பல்லு கூரா இருந்தா மிஷின் வேல செய்யும். மொட்டையா இருந்தா நீ வேல செய்வ" என்பான். சூடான மிஷினில் பெட்ரோல் ஊற்ற விடமாட்டான். தோளுக்கு மேலே மிஷினைத் தூக்கி அறுக்க விடமாட்டான். கடைசியாக பிரேக்.

பிரேக் என்றால் என்னவென்று இங்கே தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மிஷினின் மேல்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும். பிளேடின் நுனி எதிலாவது பட்டால் மிஷின் ஆளைப் பார்த்துத் துள்ளும். துள்ளும்போது அந்தத் தடுப்பு முன்னால் சாய வேண்டும். சாய்ந்தால் செயின் நின்றுவிடும். ஏழுமலை தினமும் காலையில் மிஷினைக் கிளப்பி, தடுப்பைத் தள்ளி, செயின் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் யாரையும் தொட விடுவான்.

அந்த வருஷம் ஆயுத பூஜை. கூட்டத்தில் மூத்தவள் நான், பூஜை என் பொறுப்பு. அரிவாள், கோடாலி, அரம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். மிஷினுக்கு மஞ்சள் கயிறு கட்டினேன். கட்டுவதற்கு வாகாக இருந்தது மேல்பிடியும் அந்தத் தடுப்பும்தான். இரண்டையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். ஏழுமலை வந்து பார்த்தான்.

"யக்கா, அதுல கட்டாத. பூவ வேணுன்னா டேங்க் மேல வையி."

"சாமிக்கு கட்டனது. நீ போ அப்பால."

அவன் படையலில் வைத்திருந்த அரிவாளை எடுத்தான், கயிற்றை அறுத்தான். என் வீட்டுக்காரர் மூச்சிரைப்பில் படுத்த படுக்கையாகக் கிடந்த சமயம் அது. கழுத்தில் தாலியோடு நிற்கிற பொம்பளை முன்னால், பூஜை அன்றைக்கு, மஞ்சள் கயிற்றை அறுத்தான். நான் கற்பூரத்தை ஏற்றினேன்.

மறுநாள் விஜயதசமி. பேருக்கு ஒரு மரம் வெட்டித் தொடங்குவது வழக்கம். ஏழுமலை காலையிலேயே வந்து மிஷினைக் கிளப்பி, தடுப்பைத் தள்ளிப் பார்த்தான். செயின் நின்றது. நான் பத்தடி தூரத்தில் நின்று என் கண்ணால் பார்த்தேன். பிறகு அவன் முதலாளியைக் கூப்பிட ரோட்டுக்குப் போனான். நான் இடுப்பில் செருகியிருந்த புதுக் கயிற்றை எடுத்தேன். அறுந்துபோன பூஜை அறுந்தபடியே நிற்கக்கூடாது, வீட்டில் ஓர் உயிர் ஊசலாடுகிறது என்பதுதான் என் நினைப்பு. மெல்லிய கயிறு, அதே இடத்தில் மூன்று சுற்று, முடிச்சு கீழ்ப்பக்கம். கண்ணில் படாது.

ஏழுமலையிடம் மிஷின் பழகிக்கொண்டிருந்த சேகர், முதல் மரத்தைத் தானே வெட்டுவதாகச் சொல்லி மிஷினை எடுத்தான். ஏழுமலை அண்ணன்தான் பார்த்துவிட்டாரே என்று அவன் சோதிக்கவில்லை. மரத்துக்குப் பின்னால் இருந்த ஒரு கிளையில் நுனி பட்டது. மிஷின் துள்ளியது. தடுப்பு சாயவில்லை.

ஏழுமலை ரோட்டிலிருந்து ஓடிவந்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து சேகரின் தோளில் வைத்து அழுத்தினான். அழுத்திக்கொண்டே மிஷினைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். ஒரு கையால் அதைப் பிய்த்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்தான். அதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

"பிரேக் ஏன்யா புடிக்கல?"

"நான் பாக்கல மொதலாளி" என்றான் ஏழுமலை.

பாண்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனைப் பிடித்துக்கொண்டேன். "எதுக்குடா அப்பிடி சொன்ன? நானா சொல்லச் சொன்னன்?" என்று கேட்டேன். அவன் சொன்னது ஒரு வார்த்தைதான்.

"புள்ள உன் மூஞ்சில முழிக்கணும் இல்ல."

அதற்கப்புறம் அதைப் பற்றி அவன் ஒருநாளும் பேசவில்லை. முதலாளி அவனிடமிருந்து மிஷினைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவன் நாலு வருஷம் லாரிக்குக் கட்டை ஏற்றினான். அந்த வருஷத் தை மாதமே என் வீட்டுக்காரர் போனார். அதற்கும் நான் ஏழுமலையைத்தான் திட்டினேன். அவனைத் திட்டுவதற்கு ஏதாவது ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

பிறகு அவன் சொந்தமாக ஒரு பழைய மிஷின் வாங்கினான். பெரிய புயல் அடித்த வருஷம், எங்கள் தெருவில் ஒரு வேப்பமரம் வீட்டின் மேல் சாய்ந்தது. வேறு ஆள் கிடைக்காமல் அவனைக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டுக்காரி எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "இந்தாளா? பிரேக் பாக்காதவரு ஆச்சே. எங்கூட்டு மேல ஏறி எதையாவது பண்ணிடப் போறாரு."

ஏழுமலை மிஷினைத் தரையில் வைத்துக் காலால் அழுத்திக் கிளப்பினான். தடுப்பைத் தள்ளினான், செயின் நின்றது. மறுபடி கிளப்பினான், தள்ளினான், நின்றது. மூன்றாவது தடவையும் காட்டிவிட்டுத்தான் மரத்தின் மேல் கை வைத்தான். நான் குடத்தோடு அங்கேதான் நின்றிருந்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. திரும்பாததற்கும் எனக்கு அவன் மேல் கோபம்.

அவனை நடு வீட்டில் கிடத்தியிருந்தபோது போய்ப் பார்த்தேன். இருபது வருஷத்துக்கு மேல் மிஷின் பிடித்த கை. பத்து விரலும் முழுசாக இருந்தன.

வீட்டுக்கு வந்து சேகரிடம் சொன்னேன். முதலில் அவனுக்குத்தான் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனான். இதை எழுதுகிற வரைக்கும் அவன் என்னோடு பேசவில்லை. இன்றைக்குப் பந்தலில் ஏழுமலையின் மகனோடு சேர்ந்து அவன்தான் நாற்காலி போடுகிறான். அது போதும்.

ஏழுமலை என்னைக் கேட்காமல் என் பழியை எடுத்துக்கொண்டான். பூஜைக் கயிற்றை அறுத்ததை நான் மன்னிக்கவில்லை, இனிமேலும் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் அவன் தூக்கிச் சுமந்தது அவனுடையது இல்லை. அவனிடமிருந்து நான் திரும்ப எடுத்து வைத்துக்கொள்வது அந்தப் பழி ஒன்றைத்தான். இனி யாராவது அந்தக் கதையைச் சொன்னால் பேரைச் சரியாகப் போட்டுச் சொல்லுங்கள். என் பேர் அஞ்சலை.